கழுத்தில் குத்தும் லேபிள்

கடையின் கண்ணாடி மேஜை மேல் குழந்தைகளின் உள்சட்டைகள் இரண்டு கிடக்கின்றன. ஒன்று மெரினோ கம்பளி, மற்றது பட்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கம்பளி மங்கிக் கிடக்க, பட்டு மட்டும் லேசாக மினுங்குகிறது. அவள் கம்பளியை எடுத்துத் தன் பிடரியில் தேய்த்துப் பார்க்கிறாள். உறுத்தவில்லை. இது பெரியவளுக்கு. சின்னவனுக்குச் சட்டென்று தோல் தடித்துவிடும், அவனுக்குப் பட்டுதான். "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கவா அக்கா?" "வேணாம்மா. உடம்போட ஒட்டியிருந்தாதான் குளிர் தாங்கும்," என்கிறாள் கடைக்காரம்மா. "குளிர் நாட்டுக்குக் குடும்பத்தோட போறீங்களா?" "இல்லக்கா. ரெண்டு பேரும் அவங்கப்பாவோட போறாங்க. இனிமே அங்கதான். கோர்ட்ல சொல்லிட்டாங்க." மழை விட்டுவிட்டது என்று சொல்வதைப் போலச் சொல்கிறாள். மடித்துக்கொண்டிருந்த கடைக்காரம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி மடிக்கிறது. மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. அவள் பட்டுச் சட்டையின் கழுத்தை விரித்து, உள்ளே தைத்திருக்கும் லேபிளை நகத்தால் நெருடுகிறாள். "இதை மட்டும் வெட்டிடுங்கக்கா. அவனுக்குக் குத்தும்." கடைக்காரம்மா கத்தரியை எடுக்கிறாள். "வெட்டிட்டா முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு புள்ளைக்குத் தெரியாதேம்மா." "நான்தானே அவனுக்குப் போட்டுவிடுறேன்," என்கிறாள். கத்தரி பாதி திறந்தபடி நிற்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு சட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "வெட்ட வேணாம்க்கா. அவனே பார்த்துப் போட்டுக்கட்டும்."