ஏரி உடைந்த செய்தி

ஊரிலுள்ள செல்போன்களுக்கெல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அறிவிப்பு அனுப்பும் கம்ப்யூட்டர் அது. அதிலிருந்த என்டர் பொத்தானுக்கு எப்போதும் பயம்தான். கடைசிக் குத்து அதன் தலையில்தானே விழுகிறது!

அன்று ஊழியரின் விரல், மேல்நோக்கிய அம்புப் பொத்தானை அழுத்தியது. நேற்றைய கட்டளை அப்படியே வந்து நின்றது. விரல் அதில் செய்தியை மட்டும் அழித்துவிட்டு, ஒத்திகைக்காக "ஏரி உடைந்தது, மேட்டுக்கு ஓடுங்கள்" என்று அடித்தது.

"அடேய் அம்பு, யாருக்குங்கிற இடத்துல 'எல்லோரும்'னே இருக்கே! மேசையில இருக்கிற சோதனை போனுக்குத்தானே போகணும்?" என்று என்டர் பதறியது.

"பழசைக் கொண்டுவர்றதுதான் என் வேலை. படிச்சுப் பார்க்கிறது விரலோட வேலை" என்றது அம்பு.

டக்!

பிள்ளை, பாய், ஆட்டுக்குட்டி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடியது.

விரலுக்கு அப்போதுதான் தவறு புரிந்தது. முதல் வேலையாக 'எல்லோரும்' என்பதை அழித்துச் சோதனை போனின் எண்ணைப் போட்டது. பிறகு, "தவறான செய்தி, மன்னியுங்கள், வீட்டுக்குத் திரும்புங்கள்" என்று அடித்தது.

"ஐயோ, இதுதான் எல்லோருக்கும் போகணும்!" என்று என்டர் கதறக் கதற, டக்!

மேசையிலிருந்த போன் 'டிங்' என்றது. அந்தச் சத்தம் கேட்டதும், செய்தி ஊருக்கே போய்விட்டது என்று விரல் மேசையில் ஓய்ந்து படுத்தது.

ஊர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.