சட்டைப்பையில் எறும்பு

மாமனார் ஞானதுரையின் சட்டைப்பையில் எறும்பைப் பார்த்தாலே ஜெனிபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சுகர வச்சுக்கிட்டு நீங்க திருட்டுத்தனமா மிட்டாய் திங்கிறீங்க. ஊரு என்னையப் பாத்து 'இனிப்பு ரொம்பத் திம்பியோ'ன்னு கேக்குது. எனக்கு ஏழு வயசுல தானா வந்தது மாமா. உங்க சுகர் வேற, என் சுகர் வேற" என்று நேற்றுகூடச் சண்டை பிடித்தாள்.

"நீ ஊசியப் போட்டுட்டு எல்லாத்தையும் திங்கிற. நான்லா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன்" என்று அவரும் முறைத்தார்.

இன்று கல்யாண மண்டபத்தில் அவள் சாப்பாட்டுக்கு முந்திய இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு காத்திருக்க, பந்தி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டியது. கூப்பிட நாக்கு எழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஞானதுரை, சட்டைப்பையில் கிடந்து இளகிப்போயிருந்த மிட்டாயைக் காகிதத்திலிருந்து பிய்த்து அவள் வாயில் வைத்தார்.

"சுகர்காரிக்குப் போயி மிட்டாயா அண்ணாச்சி?" என்று பதறினாள் பக்கத்திலிருந்தவள்.

"அவ சுகர் வேற, என் சுகர் வேறம்மா. இது அவளுக்குன்னே வச்சிருக்கது."

நடுக்கம் அடங்கி ஜெனிபா நிமிர்ந்தாள். ஞானதுரை தன் விரல்களில் பிசுபிசுத்த இனிப்பை வாயருகே கொண்டுபோகாமல், ஒவ்வொரு விரலாகக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.