பதினெட்டு அங்குலம்

“இந்தத் தடவ சீட்டு வேணாம்லா. அளவ வாயால சொல்லிடுங்க,” என்றான் தச்சன் தோமஸ், ரம்பத்தைக் கையில் எடுத்தபடி.

சந்தனசாமிக்குக் காது சூடேறியது. ஜொகூர் மாநிலத்தில் ரெங்கம் வட்டாரத்துக் காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளக்கிற நில அளவை ஆபீஸ் ஆள் அவன். சொந்த அலமாரிக்கு அளவு கொடுக்கத் தெரியவில்லையே என்று கடைத்தெருவே சிரித்தது.

ரப்பர் அடைத்து அனுப்புகிற பிளைவுட் பெட்டிகளில் உடைந்தவை ஏலத்தில் மலிவாகக் கிடைத்தன. வாங்கி வந்து பலகை பலகையாகப் பிரித்தான். அலமாரிக்குச் சட்டம் அடிப்பதை அவனே பார்த்துக்கொண்டான். தட்டுகளை நேராக அறுக்க மட்டும் கை வரவில்லை. அதனால் வேலைக்குப் போகிற வழியில் பலகைகளையும் அளவு எழுதிய சீட்டையும் தோமஸின் பட்டறையில் வைத்துவிட்டுப் போவான். தோமஸுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை இன்பராணி மிஷன் பள்ளியில் படித்தவள். அவள் சீட்டைப் படித்துச் சொல்ல, அண்ணன் அறுப்பான்.

முதல் வாரம் தட்டுகள் ஓர் அங்குலம் குட்டையாக வந்தன. சந்தனசாமி தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். அடுத்த வாரம் இரண்டு அங்குலம் குட்டை. நிஜமாகவே திகைத்துப்போனான். அதற்கடுத்த வாரமும் அதே இரண்டு அங்குலம். தான் பிடித்த சங்கிலிக் கணக்குப்படி பார்த்தால் ஜொகூரே வருஷத்துக்கு ஒரு மைல் சுருங்கியிருக்கும் என்று ஆபீசில் அவனே சொல்லிச் சிரித்தான்.

ஒவ்வொரு தடவையும் குட்டைத் தட்டுகளோடு அவன் பட்டறைக்குத் திரும்பி வரும்போது இன்பராணி காப்பி கலந்து கொடுப்பாள். தப்பு எல்லாருக்கும் வருவதுதான் என்பாள். அவன் தன்னைத்தானே கேலி செய்வதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிடுவாள்.

இப்போது வேறு வழியில்லாமல், “பதினெட்டு அங்குலம்,” என்றான் சந்தனசாமி.

தோமஸ் அவன் கண்ணெதிரிலேயே அறுத்து, அளந்தும் காட்டினான். மயிரிழைகூடப் பிசகவில்லை. இனி இதற்காக அலைய வேண்டியதில்லை என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க உள்ளே போனான்.

சந்தனசாமி பலகைகளைச் சைக்கிளில் வைத்துக் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அப்போது இன்பராணி வெளியே வந்தாள். அண்ணன் வருகிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“உங்க மேல தப்பே இல்ல. சீட்டுல இருந்தத ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் கொறச்சுப் படிச்சது நான்தான். சரியா வந்துட்டா அப்புறம் நீங்க வரமாட்டீங்களே.”

சந்தனசாமி கயிற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தான்.

“மொத தடவைக்கு அப்புறம் நானும் ஓர் அங்குலம் கொறச்சுத்தான் எழுதினேன்,” என்றான். “அது எப்படி ரெண்டா கொறஞ்சுச்சுன்னுதான் இத்தன நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தேன்.”