நன்றி ஊர்வலம்

ஏலக்காய் விலையை ஏற்றித் தந்த தலைவருக்கு நன்றி சொல்லும் ஊர்வலம் போடிமெட்டு மலைப்பாதை வளைவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் நிற்கும் ஜீப்பில் பதினாறு பெண்களுக்கு நடுவே சந்தனமேரி கையைக்கூட உருவ முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். எட்டு மணிச் சங்குக்குள் ஏலத்தோட்டம் போய்ச் சேராவிட்டால் இன்றைக்கு வேலை கிடையாது. பனிமூட்டத்துக்குள் வேட்டுகள் வெடிக்கின்றன. “எங்க தலைவரு கொண்டாந்த வெலயாக்கும் இது,” என்கிறார் டிரைவர் சுவக்கீன். “போன வருசம் எறங்குச்சே, அது யாருண்ணே கொண்டாந்தது?” என்கிறாள் சந்தனமேரி. “அது மத்த கட்சிக்காரன் செஞ்ச வேல.” “மழ இல்லாம காயி கொறஞ்சுபோச்சு, வெல ஏறுது. ஏறுனாலும் எறங்குனாலும் எனக்கு அதே கூலிதாண்ணே.” ஊர்வலத்துக்காரர் ஒருவர் சிரித்தபடி லட்டு நீட்டுகிறார். அவளுக்குக் கை வராததைக் கண்டு வாயிலேயே ஊட்டிவிட்டுப் போகிறார். பள்ளத்துக்கு அப்பால் சங்கு ஊதுகிறது. திரும்பிப் போகலாமென்றால் பின்னாலும் வண்டிகள். சந்தனமேரிக்கு வாய் நிறைய இனிப்பு.