ஐந்தாவது போத்தல்

"அஞ்சாவது போத்தல்ல வேற எதையாச்சும் கலந்தீங்களாப்பா?"

ஜெசீகா மூன்றாவது தடவையாகக் கேட்டாள். இராயப்பனும் மூன்றாவது தடவையாக, அவள் சொன்னதைத் தவிர எதையும் ஊற்றவில்லை என்றார்.

ஹாலிஎலப் பக்கத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தைக் காய வைக்கும் ஃபெக்டரியில் அவர் பொய்லர்காரர். பொய்லர் குழாயில் படியும் உப்பை ஆசிட் ஊற்றித்தான் எடுப்பார்கள். அந்த ஆசிட் உப்போடு நிற்காமல் இரும்பையும் தின்றுவிடும். ஆசிட்டில் ஏதாவதோர் இலைச்சாற்றைக் கலந்து இரும்பைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மகள் செய்யும் ஆராய்ச்சி. இராயப்பன் சும்மா இருப்பாரா? "எம் மக இரும்புக்கே மருந்து கண்டுபிடிக்கிறா" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் வரை போய்ச் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப்பேர் அவளை இப்போதே டொக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் ஐந்து போத்தலில் ஆசிட்டும் இரும்புத் தகடும் போட்டு, சூடான பொய்லர் அறையில் வைத்துவிட்டு அவசரமாகக் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டாள். நாலில் வேம்பு, கொய்யா, முருங்கை, கறுவா இலைச்சாறு, ஐந்தாவதில் வெறுந்தண்ணி, எல்லாவற்றிலும் அளவாக ஒவ்வொரு கப் ஊற்றச் சொல்லி, போனில் அப்பாவிடம் ஒப்படைத்திருந்தாள். மருந்தில்லாத ஐந்தாவது தகடு நன்றாகக் கரைந்தால்தான் மற்ற நாலின் அருமை தெரியும்.

இன்று நிறுத்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். நாலு தகடும் எடை குறைந்திருந்தன. ஐந்தாவது மட்டும் போட்டபடியே இருந்தது. அந்தப் போத்தலின் செந்நிறத்தைத் துரு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். திங்கட்கிழமை பேராசிரியர்கள் முன்னால் இதை எப்படி வைப்பது? மூன்று வருட உழைப்பும் குப்பைக்குத்தான் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

தண்ணீரில்தான் ஏதோ இருக்க வேண்டும் என்று பட்டது.

"எங்க புடிச்ச தண்ணிப்பா? ஊத்துப் பீலியிலயா, ஃபெக்டரி பைப்புலயா?"

இராயப்பன் மகளை விநோதமாகப் பார்த்தார்.

"அது ரெண்டும் பச்சத்தண்ணியில்ல பாப்பா? நீ வெறுந்தண்ணின்னுதானே சொன்ன. அதான் அம்மா குடுத்தனுப்புன சாயத்தண்ணியில ஒரு கப்பு ஊத்துனேன். சத்தியமா சீனி போடல."

வெறுந்தண்ணி என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் என்ற சொந்த லயத்துப் பேச்சை ஏழு வருடக் கொழும்பு வாசத்தில் மறந்துபோன டொக்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கட்டுரையின் தலைப்பிலிருந்த நாலு இலைகளையும் அடித்துவிட்டு, பெருமையோடு எழுதினாள்: தேயிலை.