பின்வரிசையில் குல்லாக்காரர்

பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

தோட்டக்கலை அலுவலர் சங்கீதா மூன்றாம் முறையாக எண்ணினாள். பயிற்சிப் போட்டோவில் இருபது விவசாயிகள் இல்லையென்றால் மஞ்சக்குட்டை கிராமத்துக்கு மிளகு நாற்று கிடையாது. வேலைக்கு வந்து ஒரு மாதமேயான அவளுக்கு மெமோ உண்டு.

இருபதாவது ஆளான சித்தன் டிபன் பொட்டலம் கைக்கு வந்ததுமே ஜீப் ஏறிவிட்டான்.

மூன்று மணி நேரம் மிளகு வாடல் நோயைப் பற்றிப் பேசியதில் சங்கீதாவுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. துறை கொடுத்த புதுக் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டிருந்தாள். வேலியோரம் உட்கார்ந்திருந்த விவசாயி வெள்ளையம்மாள் அதைத் தடவிக்கொண்டேதான் பாடம் கேட்டாள்.

"ஏனுங்க மேடம், ஒரு தலைதானுங்களே வேணும்?" என்றார் முன்வரிசையில் இருந்த மாதப்பன்.

காட்டுமாட்டை விரட்ட பீன்ஸ் காட்டில் நட்டிருந்த பொம்மையைப் பிடுங்கி வந்து பின்வரிசையில் நிறுத்தினார்கள். சட்டித் தலை, குரங்குக் குல்லா, சாயம் போன கோட்டு. மூடுபனிக்குள் மற்ற பத்தொன்பது பேரைவிட அதுதான் மனுசன் மாதிரி இருந்தது.

சங்கீதா கண்ணை மூடிக்கொண்டு போட்டோவை அனுப்பினாள்.

ஐந்தே நிமிடத்தில் மேலதிகாரி கூப்பிட்டார்.

"எல்லாரும் கொட்டாவி விடறாங்க. பின்னால குல்லா போட்டவர் மட்டும்தான் உங்களையே பாக்கறாரு. அவரையே முன்னோடி விவசாயியாப் போட்டு, பேரை உடனே அனுப்புங்க."

ஊர் கூடிப் பேசியது. ஒருவரும் மறுக்கவில்லை. அந்த ஊரில் யாரோடும் வரப்புத் தகராறு இல்லாத ஒரே ஆள் அதுதான்.

"பேருக்கு நான் எங்கே போவேன்?" என்றாள் சங்கீதா.

மாதப்பன் பொம்மையின் கோட்டுப் பாக்கெட்டைத் துடைத்துக் காட்டினார். பித்தளைப் பட்டையில் பெயர் இருந்தது: இரா. பிரபாகர், தோட்டக்கலை அலுவலர்.

"உங்களுக்கு முந்தி இருந்த ஆபீசருங்க. ஒரே ஒரு நாள் வந்தாரு, கோட்டை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. ரெண்டு வருசமா கோட்டு மட்டும் நொம்ப ஒழுங்கா காட்டுக்கு வருதுங்க."

சங்கீதா வேலிப் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துல கரடியூர்க்காரங்களும் அவங்க பொம்மைக்கு ஒரு கோட்டு கேட்டாங்க," என்றாள் வெள்ளையம்மாள், புதுக் கோட்டிலிருந்து கையை எடுக்காமல்.

சங்கீதா கோட்டை வாங்கிப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டாள்.