அதிகாரியிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

"நாம் உங்கள் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று என் மனைவி அந்த மொழியில் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பு. இப்படிச் சொன்னா அந்த ஊர் ஏர்போர்ட்டுல பாஸ்போர்ட் பாக்கற ஆபீசரும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நம்ம பின்னாலயே வரணும்."

அவள் சோபாவில், பூட்டி வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விமான நிலையத்துக்குப் போக வண்டி சொல்லியிருந்தேன். வருவதற்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான்.

வாக்கியம் எனக்குப் பெரிதில்லை. அவள் மனம் மாறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மகள் இறந்த பிறகு அவள் வாசலைத் தாண்டியதில்லை. கல்யாணம், கோயில், மருத்துவமனை, எதற்கும் அசையவில்லை. அண்ணன் வந்து கெஞ்சினார், தங்கை வந்து அழுதாள். ஒரு நாள் இந்த நாட்டின் பெயரை நான் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்து, "சரி, போகலாம்" என்றாள்.

அன்றிலிருந்து நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு முனையில் பனி கொட்டும்போது மறுமுனையில் வியர்க்கும் நாடு என்றேன். பிளக்கின் தகடுகள் அங்கே ஏன் சாய்வாக இருக்கின்றன என்று படம் போட்டுக் காட்டினேன். மண்ணைத் தோண்டினால் ஊருக்கு அடியில் இன்னொரு ஊர், அதற்கும் அடியில் அரசர்களின் கல்லறை என்றேன்.

காது கேட்கும் கருவி பொருத்துவது என் தொழில். ஒலி என்றால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வரும். அந்த மொழியில் ஒரே சொல்லை மட்டமாக நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை. ஒலி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டுவேன். ஆனால் வாயைத் திறந்தால் எனக்குக் குதிரைதான் வரும்.

அவளுக்கு ஒரு தடவைகூடச் சுருதி தப்பவில்லை. பக்கத்தில் யாரோ முதலில் சொல்ல, கேட்டுத் திருப்பிச் சொல்வதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்த மொழியில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது என்று ஒரு நாள் விளக்கினேன். போனாள், போகிறாள், போவாள், மூன்றுக்கும் சொல் ஒன்றுதான். அதை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

"என்ன தப்பு சொன்னேன்?" என்றாள் இப்போது.

"அந்த நாட்டுல வடக்குப் பக்கம் பேசறப்ப, நம்மள மாதிரியே 'நாம்' வேற, 'நாங்கள்' வேற. எத்தனையோ மொழியில இந்த வித்தியாசமே கிடையாது. எவ்வளவு அழகு பாரு! கேக்கறவரையும் சேத்துக்கிட்டா 'நாம்'. அவரை விட்டுட்டா..."

"ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா! உங்ககிட்ட வர்றவங்களாவது கருவியைக் கழட்டி வெச்சிட்டுத் தப்பிச்சுக்கறாங்க. நான் எதைக் கழட்டறது?"

அவள் என்னைக் கேலி செய்து எவ்வளவு காலமாகிவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆபீசர் நம்மகூட வரலைல்ல? அப்ப 'நாங்கள்'. எங்கே, சொல்லு."

சொன்னாள். சுத்தமாக, ஏற்ற இறக்கம் பிசகாமல். அங்கே பிறந்தவள்கூட அப்படிச் சொல்வாளா தெரியாது.

கீழே ஹார்ன் கேட்டது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் எழுந்தாள். புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவளுடைய பெட்டியின் கைப்பிடியைத் தானே இழுத்து நீட்டினாள்.

"சரிங்க, நாங்க போயிட்டு வர்றோம்."

"பாடம் முடிஞ்சிடுச்சும்மா. நான் என்ன ஆபீசரா?" என்று சிரித்தேன். "என்கிட்ட 'நாம'ன்னு சொல்லணும். 'நாங்க'ன்னா அதுல நான் இல்லன்னு ஆயிடும்."

"தெரியும்ங்க" என்றாள்.

கைப்பைக்குள் நான் சேர்த்து வைத்திருந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளில் என்னுடையதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கோபமே இல்லை முகத்தில். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போகிறவள் போலத்தான் இருந்தாள்.

"நீங்கதான் அப்பவே லீவு கிடைக்காதுன்னு சொல்லிட்டீங்களே. அவளும் சரின்னுட்டா. அப்பா வீட்டைப் பாத்துக்கட்டும், நாம போலாம்மான்னா."

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவும் மகளும் சேர்ந்து போட்ட பயணத் திட்டம் இது. மொழிப் பாடங்களை மாடி அறையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படித்தார்கள். நான் கீழே உட்கார்ந்து கருவிகளுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"வந்து எல்லாத்தையும் சொல்றோம்" என்றாள்.

கதவைத் திறந்தாள். கொஞ்சமும் தயங்காமல் வாசலைத் தாண்டினாள். நான் வேண்டிக்கொண்டதும் அதுதான்.

தாண்டியவள் உடனே கதவை விட்டுவிடவில்லை. பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில், எல்லாரும் வந்தாயிற்று என்பதுபோல், கதவை மெல்லச் சாத்தினாள்.